மதினி நடுவில் வைத்த அணு

கரண்ட் போனதும் எங்கள் வீட்டில் எல்லாரும் அண்ணாந்து பார்ப்போம். மதினி மட்டும் மேசைக்குக் கீழே குனிந்து பார்ப்பாள். எங்களுக்குத் தலைக்கு மேலே ஓடுகிற ஃபேன் முக்கியம். அவளுக்கு மேசைக்குக் கீழே, ஒரு பக்கத்துத் தகடு கழற்றிய கோலத்தில் நின்றுகொண்டிருந்த கம்ப்யூட்டர் பெட்டி முக்கியம். அதன் பக்கத்தில் இருந்த யு.பி.எஸ். கீச் கீச்சென்று கத்த ஆரம்பிக்கும். அது கத்தி ஓய்வதற்குள், ஓடிக்கொண்டிருக்கும் கணக்கைப் பத்திரமாக நிறுத்தியாக வேண்டும். கையில் தோசைக்கரண்டி இருந்தால் கரண்டியோடு வருவாள். நின்றபடியே இரண்டு வரி தட்டிவிட்டு, திரையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, அணைத்துவிட்டு மறுபடி அடுப்படிக்குப் போவாள். கோவில்பட்டியில் கரண்ட் வருவதும் போவதுமாக இருந்த காலம் அது. போகும் நேரத்தை வைத்துத்தான் அரைப்பது, துவைப்பது, தண்ணீர் ஏற்றுவது எல்லாம் நடந்தது. மதினியின் ஆராய்ச்சியும் அப்படித்தான் நடந்தது என்பது எனக்கு ரொம்பப் பிந்தித்தான் விளங்கியது.

என் அண்ணனுக்குப் பஜாரில் உரக்கடை. மழை விழுந்துவிட்டால் புதூர்ப் பக்கத்துச் சம்சாரிகள் விதைக்கும் மருந்துக்கும் கடையில் வந்து நிற்பார்கள். மழை பொய்த்தால் அவர்களும் வரமாட்டார்கள், அண்ணன் முகத்தில் சிரிப்பும் வராது. அப்படிப்பட்ட கடைக் குடும்பத்துக்கு இயற்பியலில் பாதி முனைவர் பட்டத்தோடு மருமகளாக வந்தவள் மதினி. பெண் பார்க்கப் போனபோதே, மீதியை முடிப்பேன் என்று சொல்லிவிட்டாள். எங்கள் ஆட்களும் தலையாட்டிவிட்டார்கள். பெண் பார்க்கிற இடத்தில் யார்தான் தலையாட்டாமல் இருக்கிறார்கள்? நான் அப்போது தமிழ் பி.எட். முடித்துவிட்டு ஆசிரியர் தேர்வுக்குப் படிப்பதாகச் சொல்லிக்கொண்டு வீட்டில் இருந்தேன். நான் சும்மா இருந்ததை அம்மா படிப்பு என்று சொன்னாள். மதினி படித்ததைச் சும்மா இருப்பது என்று சொன்னாள். அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம் இருந்ததையும் மறைக்க வேண்டியதில்லை.

அம்மாவையும் ரொம்பக் குறை சொல்ல முடியாது. மதினி செய்த வேலை அப்படி. ஒரு கணக்கை ஓடவிட்டுவிட்டால் அதன் பிறகு மனுஷர் செய்வதற்கு ஒன்றும் இல்லை. திரையில் எண்கள் வரிசை வரிசையாக இறங்கிக்கொண்டிருக்கும். அவை சின்னதாகிக்கொண்டே வந்தால் நல்லது, எகிறினால் கெட்டது. அவ்வளவுதான் எனக்குப் புரிந்தது. மதினி கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு அதையே பார்ப்பாள். அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்பாள்.

"ஏட்டி, உங்க மதினி காலைலேருந்து அந்தப் பொட்டியவே பாத்துகிட்டு இருக்கா. அது என்னதான் சொல்லுதாம்?"

அது என்ன சொல்கிறது என்று ஒரு நாள் நான் மதினியிடமே கேட்டேன். அவள் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன், தப்பிருந்தால் என்னுடையது. மக்னீசியம் சிலிகேட் என்று ஒரு பொருள். மண், கல், மணல் எல்லாம் இருக்கிற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. பொடியாக்கி, அழுத்தி, சூளையில் சுட்டால் சூடு தாங்குகிற, கரண்டைக் கடத்தாத ஒருவகைப் பீங்கான் கிடைக்கும். அதற்குள் அணுக்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. ஆனால் எந்த வரிசையும் முழுக்க ஒழுங்காக இருப்பதில்லை. ஓர் இடத்தில் அணுவே இல்லாமல் காலியாகக் கிடக்கும். இன்னோர் இடத்தில் அங்கே இருக்க வேண்டியதற்குப் பதிலாக வேறொன்று வந்து உட்கார்ந்திருக்கும். இதற்குக் குறைகள் என்று பெயர். பொருளின் குணத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்தக் குறைகள்தானாம். மதினி சூளைப் பக்கமே போகவில்லை, பொடியைக் கையால் தொடவும் இல்லை. கம்ப்யூட்டருக்குள்ளேயே சின்னதாக ஒரு பெட்டி அளவு சிலிகேட்டைக் கட்டி, அதில் ஒரு மக்னீசியத்தை எடுத்துவிட்டு, அதைவிடச் சின்ன அணு ஒன்றை அந்த இடத்தில் வைத்து, அது எப்படி உட்காருகிறது, சுற்றியிருப்பவை எப்படி ஒதுங்குகின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதை நான் அம்மாவிடம் சுருக்கி, மதினி பீங்கானுக்குள் இருக்கும் குறைகளைக் கண்டுபிடிக்கிறாள் என்று சொன்னேன். அம்மா புளியைக் கரைத்துக்கொண்டே யோசித்தாள்.

"குறை கண்டுபுடிக்கதுக்கு எதுக்குட்டி பட்டம்? அது நமக்குப் படிக்காமலே வரும்லா."

மதினிக்குக் காதில் விழுந்துவிட்டது. கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தேன். அடக்க முடியாமல் சிரித்தாள். அதன் பிறகு அவள் படிக்க உட்காரும்போதெல்லாம், "அத்தே, நான் குறை பாத்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போவாள். இரண்டு பேருக்கும் இடையில் ஏதோ ஒரு ஏற்பாடு உண்டானது அந்தச் சிரிப்பிலிருந்துதான்.

ஆனால் ஃபேன் விஷயத்தில் அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. அண்ணன் அந்த வருஷம் ஓர் இன்வெர்ட்டர் வாங்கினான். ஒன்று ஃபேனைத் தாங்கும், அல்லது மதினியின் பெட்டியைத் தாங்கும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் கொஞ்ச நேரத்தில் படுத்துவிடும். எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் மத்தியானம் வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பதே ஒரு வேலை. வெளியே கரிசல் காடு வாய் பிளந்து கிடக்கும். காற்று வந்தாலும் அனல்தான் வரும். அம்மாவுக்கு இரத்தக் கொதிப்பு வேறு. அண்ணன் கடையிலிருந்து சாப்பிட வந்து கொஞ்சம் கண்ணசருவான். யாரும் மதினியிடம் பெட்டியை அணை என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. கரண்ட் போனதும் அவளாகவே அணைத்துவிடுவாள். இன்வெர்ட்டர் எங்களுக்குக் காற்று வீசும். நிறுத்திய கணக்கை விட்ட இடத்திலிருந்து தொடரலாம்தான். ஆனால் எங்கள் ஊர்க் கரண்ட் சொல்லிக்கொண்டா போகும்? யு.பி.எஸ். ஓய்வதற்குள் அவள் வந்து சேர முடியாமல், பதிவாகிக்கொண்டிருந்த கோப்பே பல தடவை பாதியில் கெட்டுப்போனது. அப்போதெல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அதற்காக மதினி ஒரு வழி வைத்திருந்தாள். அந்தத் துறையில் எல்லாருக்கும் தெரிந்த வழிதான். சின்ன அணுவைச் சரியாக நடுவில் வைத்தால், அதற்கு இந்தப் பக்கம் இருப்பதெல்லாம் அந்தப் பக்கமும் அப்படியே இருக்கும், கண்ணாடியில் பார்ப்பது போல. இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்று கம்ப்யூட்டரிடம் சொல்லிவிட்டால் அது கொஞ்சத்தை மட்டும் கணக்கிட்டுவிட்டு மீதியைப் பார்த்து எழுதிக்கொள்ளும். வேலை பாதிக்கும் கீழே குறையும். கரண்ட் இருக்கிற நேரத்துக்குள் கணக்கு முடிந்துவிடும். மதினிக்கு அந்த வழி கிடைத்த அன்று முகத்தில் இருந்த தெளிச்சி இன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. யு.பி.எஸ். கத்துவதற்கு முன்னாலேயே முடிந்துபோன கணக்கைக் காட்டி, "பாத்தியாட்டி" என்று என் தோளில் தட்டினாள்.

அந்தக் கணக்குகளிலிருந்து பிறந்த கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்தது. அண்ணன் கடம்பூர் போய் போளி வாங்கி வந்து கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தான். எதற்கு என்று கேட்டவர்களிடம், வீட்டில் அவிய எழுதினது அச்சாகியிருக்கு என்று மட்டும் சொன்னான். அதற்கு மேல் சொல்ல அவனுக்கும் தெரியாது. மதினிக்குப் பட்டம் கிடைத்தது. ஊருக்கு வெளியே ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது. எனக்கும் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. கரண்ட் போவதும் நின்றது. இப்போது ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் காற்றாலையும் சூரியத் தகடும்தான். என் வகுப்புப் பிள்ளைகளிடம் கரண்ட் இல்லாத மத்தியானத்தைப் பற்றி எழுதச் சொன்னால், பாதிப் பேர் போனில் சார்ஜ் தீர்ந்ததைப் பற்றி எழுதுகிறார்கள்.

போன வருஷம் மதினிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. வேறு மாவட்டத்தில் ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண் எழுதியிருந்தாள். சின்ன அணு உட்காரும் இடத்தைப் பற்றி மதினியின் கட்டுரையில் இருக்கும் அளவு தனக்கு எத்தனை தடவை போட்டாலும் வரவில்லை, தான் எங்கே தப்புச் செய்கிறோம் என்று சொல்லித்தர முடியுமா என்று ரொம்பப் பணிவாகக் கேட்டிருந்தாள். தலைக்கு மேல் வேலை இருந்த நேரம். கல்லூரியில் இணைப் பேராசிரியர் பதவிக்கு நேர்முகத் தேர்வு வைத்திருந்தார்கள். மதினி கொடுத்த விண்ணப்பத்தில் முதலில் இருந்ததே அந்தப் பழைய கட்டுரைதான். அவள் அந்தப் பெண்ணுக்கு, இதைப் பார், அதைச் சரி செய் என்று எழுதி அனுப்பிவிட்டு மறந்துவிட்டாள். அந்தப் பெண் அத்தனையும் செய்து பார்த்துவிட்டு மறுபடி எழுதினாள். அச்சில் வந்த அளவை முதலில் எடுத்துக் காட்டிவிட்டு மேலே போ என்று அவளுடைய வழிகாட்டி சொல்லிவிட்டாராம். வாராவாரம் போய்த் திட்டு வாங்கிக்கொண்டு வருகிறாளாம். வருகிற திங்கட்கிழமைக்குள் சரியாக வராவிட்டால் இந்த வேலையை அவளிடமிருந்து எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்துவிடப் போவதாகச் சொல்லியிருக்கிறாராம். திரும்ப வேறொன்றை முதலிலிருந்து ஆரம்பிக்கத் தன் வீட்டில் விடமாட்டார்கள், படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று கடைசி வரியில் எழுதியிருந்தாள்.

அந்தக் கடைசி வரிக்குப் பிறகுதான் மதினி பழைய கணக்கைக் கல்லூரிக் கம்ப்யூட்டரில் எடுத்துப் போட்டாள். இப்போது அவளுக்குக் கரண்டைப் பற்றிய பயம் இல்லை, சுருக்கு வழியும் தேவையில்லை. இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்ற உத்தரவை எடுத்துவிட்டாள். ஓடவிடுவதற்கு முன்னால் எல்லா அணுக்களையும் இருந்த இடத்திலிருந்து மயிரிழை அளவு அங்கும் இங்குமாக நகர்த்திவிட்டாள். அவர்கள் பேச்சில் அதற்கு உலுக்கிவிடுவது என்று பெயர். சின்ன அணு நடுவில் நிற்கவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து போய் அங்கே இருந்தவற்றோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டது. அந்தப் பெண்ணுக்கு வந்துகொண்டிருந்த அளவு அப்படியே வந்தது.

அப்படியானால் முன்பு ஏன் நடுவிலேயே நின்றது என்று நான் கேட்டேன். எல்லாப் பக்கமும் சமமாக இழுக்கும்போது அது எந்தப் பக்கம் போகும் என்றாள். எனக்கு உடனே அண்ணன் ஞாபகம் வந்தது. அம்மாவுக்கும் மதினிக்கும் பேச்சு முற்றுகிற நாட்களில் அவன் கூடத்தின் நடுவில் இப்படித்தான் நிற்பான். நிம்மதியாக நிற்கிறான் என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். யாராவது லேசாக ஒரு தட்டு தட்டினால்தான் எந்தப் பக்கம் சாய்வான் என்று தெரியும். மதினி அந்த அணுவைத் தட்டிப் பார்க்கவில்லை. நடுவில் வைத்தாள், நடுவில் நின்றது, அதுதான் அதன் இடம் என்று எழுதிவிட்டாள். இதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்காமல் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது ஒரு சனிக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டில் மதினி எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். கட்டுரை தப்பு, அந்தப் பெண் சொல்வது சரி, அவளிடமும் பத்திரிகையிடமும் சொல்லியாக வேண்டும் என்றாள். நேர்முகத் தேர்வு புதன்கிழமை. அண்ணன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். அவன் கெட்டவன் இல்லை. இந்தப் பதவிக்காக அவள் எத்தனை வருஷம் காத்திருந்தாள் என்று என்னைவிட அவனுக்குத் தெரியும்.

"புதன்கிழம வரைக்கும் பொறுத்தா என்ன? பொறவு சொல்லு. யாரு வேண்டாம்னா?"

"அந்தப் புள்ளைக்குத் திங்கக்கிழம" என்றாள் மதினி.

 அம்மாதான் கேட்டாள், அப்படி என்ன தப்பு, எப்படி வந்தது என்று. மதினி சுருக்கமாகச் சொன்னாள். அப்போது கரண்ட் போய்ப் போய் வந்ததால் சீக்கிரம் முடிகிற வழியில் போட்டேன், அதில் வந்த வினை என்றாள். அம்மா விரலை நக்கிக்கொண்டே யோசித்தாள். எனக்கு அவள் எங்கே போய்க்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்துவிட்டது. பேச்சை மாற்றலாமா என்றுகூட நினைத்தேன்.

"அப்பதான் இன்வெர்ட்டரு இருந்துச்சே" என்றாள் அம்மா. சொன்னவள் அண்ணாந்து ஃபேனைப் பார்த்தாள். அம்மா அண்ணன் பக்கம் திரும்பினாள். "நாம காத்து வாங்குனதுக்கு அவ பேரு கெடணுமா?"

மதினி வேகமாக மறுத்தாள். "அப்படி இல்ல அத்தே. அந்த வழியப் போட்டது நான்தான். முடிஞ்ச பொறவாவது ஒரு தடவ தட்டிப் பாத்திருக்கணும். பாக்கல."

"தட்டுததுக்கும் கரண்டு வேணும்லா."

மதினி சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அழுதாள். எங்கள் வீட்டில் அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நீ சும்மா இரு என்று அவனை அடக்கிவிட்டு, எழுந்து கைகழுவிக்கொண்டு வந்து மதினியின் போனை எடுத்து அவள் மடியில் வைத்தாள் அம்மா. அந்தப் பெட்டியைச் சந்தேகமாகப் பார்த்தவள், அதற்குள் இருந்த ஓர் அணுவுக்காகத் தன் மகனை அதட்டினாள். எனக்கு அம்மாவை அன்றைக்குப் பிடித்த மாதிரி என்றைக்கும் பிடித்ததில்லை.

பிற்பாடு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பத்திரிகைக்கு மதினி அன்று மாலையே எழுதினாள். சில மாதம் கழித்துத் திருத்தம் அச்சில் வந்தது. அதற்கு யாரும் போளி வாங்கவில்லை. நேர்முகத் தேர்வில் முதல் பேச்சாகத் தன் தப்பைத் தானே சொன்னாள். பதவி வேறொருவருக்குப் போனது. இதனால்தானா என்று அவர்கள் சொல்லவில்லை, மதினியும் கேட்கவில்லை. அடுத்த தேர்வு இன்னும் வரவில்லை. இப்போது அவளிடம் வருகிற மாணவிகளின் கணக்கு, அச்சில் இருப்பதோடு ஒத்துப்போகாவிட்டால் அவள் முதலில் எடுத்துப் பார்ப்பது அச்சைத்தான் என்று கேள்விப்படுகிறேன். அவளுக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். சில மாலைகளில் கல்லூரியிலிருந்து வந்ததும் கைப்பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பாள். நாங்கள் ஒன்றும் கேட்பதில்லை, காப்பியைப் போட்டுக் கொடுப்போம்.

ஆனால் மதினியை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அவள் பேசிய போன்தான். தனியாகப் பேச அவளுக்குத் தைரியம் இல்லை. என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஸ்பீக்கரில் போட்டாள். அந்தப் பெண் ஆய்வகத்தில் இருந்தாள். மதினி சுற்றி வளைக்கவில்லை.

"நீ போட்ட கணக்குத்தான் சரிம்மா. நான் எழுதுனதுதான் தப்பு."

 சந்தோஷப்படுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவளோ கேட்டாள், "மேடம், இதை எங்க சார்கிட்ட நீங்களே சொல்றீங்களா? நான் சொன்னா நம்பமாட்டார்."

மதினி கண்ணை மூடித் திறந்தாள். அந்த சார் யார் என்று அவளுக்குத் தெரியும். துறையில் பெரிய ஆள், எந்தக் கல்லூரித் தேர்வுக்கும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள். போனை அவரிடம் கொடுக்கச் சொன்னாள். அந்தப் பெண் நடக்கிற சத்தமும், ஒரு கதவு திறக்கிற சத்தமும் கேட்டது. தயங்கித் தயங்கி யாரென்று சொல்லிப் போனைக் கொடுத்தாள். மதினி தன் பெயரைச் சொல்லி, கட்டுரையைச் சொல்லி, தப்பு எந்த இடத்தில், எப்படி வந்தது என்று ஒன்று விடாமல் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். நல்ல குரல். நடுவில் இரண்டு தடவை, "புரியுது மேடம், புரியுது" என்றார்.

"பரவாயில்ல மேடம்" என்றார் கடைசியில். "இந்த வேலையில இதெல்லாம் சகஜம். யாருக்கும் வரும். நீங்க மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க."

அத்தனை அன்பாகச் சொன்னார். மதினியின் முகம் சிவந்ததை அப்போதுதான் பார்த்தேன். கல்லூரிக்காரர்களிடம் அளந்து பேசுகிறவள், எங்களிடம் பேசுகிற பேச்சிலேயே பேசிவிட்டாள்.

"எனக்குச் சொல்லுத இந்தப் பரவாயில்லைய அந்தப் புள்ளகிட்டயும் ஒரு தடவ சொல்லியிருக்கலாமே சார்."

 போன் கட்டாகிவிட்டதோ என்று நான் குனிந்து பார்த்தேன், ஆகவில்லை. ஒரு நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல் கேட்டது, போனில் பேசுகிற குரலாக இல்லாமல், எதிரே நிற்பவரிடம் பேசுகிற குரலாக.

"உட்காரும்மா" என்றார்.